ஒரு காளான் பேரினத்தின் நாட்குறிப்பு

1753, மே 1

ஸ்வீடனின் கார்ல் லின்னேயஸ் எழுதிய 'ஸ்பீசீஸ் பிளாண்டாரம்' வெளியான நாளாகக் கொள்ளப்படுவது இது. பூஞ்சைகளின் அறிவியல் பெயர்க்கணக்கு இன்றும் இந்தத் தேதியிலிருந்துதான் தொடங்குகிறது. குடைக்கு அடியில் தகடு தகடாக மடிப்பு இருந்தால் அகாரிகஸ், துளைகள் இருந்தால் போலீட்டஸ் என்று அவர் பிரித்தார். மரத்தில் ஒட்டி வளரும் கட்டைபோன்ற காளான்களுக்கும் துளை உண்டு என்பதால் அவையும் போலீட்டஸிலேயே சேர்ந்தன. பின்னால் வந்தவர்கள் அவற்றை விலக்கினார்கள். சதைப்பற்றும் தண்டும் குடையும் கொண்ட துளைக்காளான்களே போலீட்கள் என்றானது.

2009

தாய்லாந்தின் காவோ யாய் தேசியப் பூங்காவில், டிப்டெரோகார்ப் மரங்களின் கீழ் கிடைத்த ஒரு காளானுக்காக இந்த ஆண்டு ஒரு புதுப் பேரினம் உருவானது. அந்தக் காளானுக்குக் குடை கிடையாது. சொல்லும்படியான தண்டும் கிடையாது. உடல் முழுக்கக் குழியும் மடிப்புமாக, கடற்பஞ்சின் தோற்றம். முகர்ந்தால் தார் நெடி.

பார்த்தவர் எவரும் இதைப் போலீட் என்று சொல்லத் துணிய மாட்டார்கள். டி.என்.ஏ. சொன்னது வேறு. டெனிஸ் டெஸ்ஜார்டின், மான்ஃபிரட் பைண்டர், டிமோதி ஃபிளெகல் உள்ளிட்ட குழுவினர் மரபணு வரிசைகளை ஒப்பிட்டார்கள். காளான் போலீட் கூட்டத்துக்குள்ளேயே வந்து நின்றது. இருந்த பேரினங்கள் எதிலும் அது அடங்கவில்லை, தனிக்கிளையாக நின்றது. ஒரு பேரினத்தில் இருப்பவை எல்லாம் ஒரே மூதாதையின் வழிவந்தவையாக இருக்க வேண்டும். பொருந்தாத ஒன்றைத் திணித்தால் அந்த வம்சாவளியே பொய்யாகிவிடும். ஆகவே 'ஸ்பாஞ்சிஃபார்மா' என்ற புதுப்பெயர், சிற்றினத்துக்கு 'தாய்லாண்டிகா'.

பெயர் வைத்தால் மட்டும் போதாது. அன்றைய விதிப்படி லத்தீனில் ஒரு விவரணை எழுத வேண்டியிருந்தது. பேரினத்துக்கு ஒரு மூலச் சிற்றினத்தையும், சிற்றினத்துக்கு ஒரு மூலமாதிரியையும் குறிக்க வேண்டும். உலர்த்திய அந்த மாதிரி காப்பகத்தில் இருக்கும். வகைப்பாடு தவறென்று சந்தேகிப்பவர் யாரும் அதை எடுத்துச் சோதிக்கலாம். அறிவியல் பெயருக்கு உள்ள நம்பகம் இங்கிருந்துதான் வருகிறது.

2011

பேரினத்துக்கு இரண்டாவது உறுப்பினர் வந்தது. போர்னியோ தீவின் சரவாக் மாநிலம், லம்பிர் ஹில்ஸ் தேசியப் பூங்காவில் முந்தைய ஆண்டு கிடைத்த ஆரஞ்சு நிறக் காளான் அது. பிழிந்தால் நீர் வடியும். விட்டதும் பழைய வடிவுக்கு மீளும். டெஸ்ஜார்டினும் கேபிர் பே, டாம் பிரன்ஸ் இருவரும் அதற்கு 'ஸ்பாஞ்சிஃபார்மா ஸ்கொயர்பேன்ட்ஸியை' என்று பெயர் சூட்டினார்கள். தொலைக்காட்சிக் கார்ட்டூன் நாயகன் ஸ்பாஞ்ச்பாப் ஸ்கொயர்பேன்ட்ஸின் பெயர்தான். 'மைக்கோலாஜியா' இதழ் முதலில் இதை விளையாட்டுத்தனம் என்று மறுத்தது, ஆசிரியர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. விதிகள் பெயரின் இலக்கண வடிவைத்தான் கேட்கின்றன, கம்பீரத்தைக் கேட்பதில்லை. சிறுவர்களும் பேசிய ஒரு காளான் கண்டுபிடிப்பு அதனால் கிடைத்தது.

2013, ஜனவரி 1

பெயர்விதிகளைத் திருத்திய மெல்போர்ன் மாநாட்டில் முடிவான மாற்றங்களில் ஒன்று இன்று நடைமுறைக்கு வந்தது. புதிய பூஞ்சைப் பெயர் எதுவும் அங்கீகரிக்கப்பட்ட பதிவேட்டில் எண் பெற்றாக வேண்டும். லத்தீன் கட்டாயம் போன ஆண்டே நீங்கிவிட்டது. ஆங்கிலத்தில் எழுதினாலும் செல்லும்.

2014

போலீட்களுக்குப் பெரிய ஆண்டு. சீன ஆய்வாளர்கள் போலீட்டேசியே குடும்பத்தில் புதிதாக 22 பேரினக் கிளைகளைக் காட்டினார்கள். அமெரிக்காவில் டேவிட் அரோராவும் ஜொனாதன் ஃபிராங்கும் 'வெண்ணெய் போலீட்'களைப் போலீட்டஸிலிருந்து பிரித்து 'பியூட்டிரிபோலீட்டஸ்' என்ற பேரினத்தை நிறுவினார்கள். வெட்டியதும் சதை நீலமாவது பல போலீட்களின் பழக்கம். வேரியகாடிக் அமிலம் காற்றுப் பட்டு ஆக்ஸிஜனேற்றம் அடைவதால் வரும் நிறம் அது. வெவ்வேறு கிளைகளில் காணப்படுவதால், நிறத்தை மட்டும் நம்பி உறவு முடிவு செய்ய இயலாது.

இத்தனை பேர் பிரிந்துபோனபின் 'போலீட்டஸ்' யாருக்கு? மூலச் சிற்றினமான போலீட்டஸ் எடுலிஸுக்கும் அதன் நெருங்கிய உறவுகளுக்கும். சமையலறையில் போர்சினி என்று மணக்கும் காளான்கள் இவை. இதே ஆண்டு கியூ தாவரவியல் பூங்காவின் பிரின் டென்டிங்கரும் லாரா சுஸும் லண்டனில் வாங்கிய ஒரு போர்சினி பாக்கெட்டிலிருந்து 15 துண்டுகளை ஆய்ந்தார்கள். சீனாவிலிருந்து வந்த அந்தச் சரக்கில் அதுவரை பெயரே பெறாத மூன்று சிற்றினங்கள் இருந்தன. ஏற்றுமதியாகி, விலைபோய், உண்ணப்பட்டு வந்தவை அவை. பெயர் இல்லாத ஒன்றின் அறுவடை கூடுகிறதா குறைகிறதா என்று எவரும் கணக்கெடுக்க முடியாது. ஆகவேதான் இந்த வேலை இவ்வளவு அவசரமானது.

2018

இந்தியாவின் முறை. சால் மரக்காட்டிலிருந்து 'இண்டோபோரஸ் ஷோரியே' என்ற புதுப் பேரினமும் சிற்றினமும் ஒன்றாக அறிவிக்கப்பட்டன. ஷோரியா என்பது சால் மரத்தின் பேரினம். ஜார்க்கண்ட் சந்தைகளில் மழைக்காலத்தில் விற்கும் உருண்டையான ருக்டா காளானும் இந்த மரத்தின் வேரோடு வாழ்வதுதான். குடையோ துளையோ இல்லாத அதுவும் போலீட்களின் வரிசையான போலீட்டேல்ஸைச் சேர்ந்ததே.