டெனிம் ராஜாவின் மாளிகை

பெரிய வீட்டுக்கு எந்த நாட்டிலும் இரண்டு கதை உண்டு. படம் போட்டுச் சுவரில் மாட்டி வைத்திருப்பது ஒன்று. வாசலில் நிறுத்தி வைக்கப்பட்டவர்கள் சொல்வது இன்னொன்று. 2019 அக்டோபரில் அமெரிக்காவின் வட கரோலினா மலைமேல் இருக்கிற ஃப்ளாட் டாப் மாளிகையைப் பார்த்து வந்தேன். அதன் இரண்டாவது கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கிரீன்ஸ்பரோ நகரத்தில் வேலை பார்க்கும் நம்ம பக்கத்துத் தம்பி ஒருவர் காரில் கூட்டிப்போனார். மலைமுகட்டை ஒட்டியே போகிற அந்தச் சாலைக்கு ப்ளூ ரிட்ஜ் பார்க்வே என்று பேர். நீளம் 469 மைல். 1935இல் தொடங்கி 1987இல்தான் முழுசாக முடித்தார்கள். சரக்கு லாரிக்கு அனுமதி கிடையாது. வேடிக்கை பார்த்துக்கொண்டு போவதற்கென்றே போட்ட ரோடு. இலையெல்லாம் மஞ்சளும் செவப்புமாகப் பழுத்துக் கிடந்தது. அழகை அழகில்லை என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் இதே சாலை வடக்கே போய்ச் சேருகிற ஷெனண்டோவா பூங்காவில், 1939இல் கறுப்பர்களுக்கென்று லூயிஸ் மவுண்டனில் தனி இடம் ஒதுக்கினார்கள். காட்டுக்குள்ளும் ஒரு சேரி!

மாளிகை ப்ளோயிங் ராக் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. வெள்ளை வெளேரென்று தூண் வைத்த முகப்பு, 23 அறைகள், கீழே ஏரி. சுற்றிலும் ஏறத்தாழ 3,500 ஏக்கர். அதற்குள் 25 மைலுக்குக் குதிரை வண்டிப் பாதை. கட்டியவர் மோசஸ் கோன் (1857-1908). தம்பி சீசரோடு சேர்ந்து கிரீன்ஸ்பரோவில் ஆலை வைத்து டெனிம் நெய்தவர். நாம் போடுகிற ஜீன்ஸ் துணிதான் டெனிம். 'டெனிம் ராஜா' என்றே அவரைச் சொல்வார்கள். அவருடைய அப்பா பவேரியாவிலிருந்து பிழைக்க வந்த யூதர். 'கான்' என்ற குடும்பப் பேரைக் 'கோன்' என்று மாற்றிக்கொண்டவர். பேரை மாற்றிக்கொண்டு பிழைப்பது என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"டிக்கெட்லாம் கெடையாதுக்கா. முன்வாசல் வழியாவே போலாம்" என்றார் தம்பி. அவருக்கு அது சாதாரணப் பேச்சு. எங்கம்மா எங்க ஊர்ப் பண்ணை வீட்டில் இருபது வருசம் வேலை செய்தவள். கொல்லைப்புறம் தாண்டி உள்ளே கால் வைத்ததில்லை. கூலி நெல்லைக் களத்திலேயே அளந்து போட்டுவிடுவார்கள். அந்த வீட்டில் எத்தனை அறை என்று இன்றுவரை எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. நான் இங்கே 23 அறை என்று எண்ணிச் சொல்கிறேன்.

இந்த அறைகளை எழுப்பிய காசு ஆலையில் விளைந்தது. தென் மாநிலத்து ஆலைகளில் கறுப்பருக்கு நூற்பிலும் நெசவிலும் பொதுவாக இடமில்லை. பேல் சுமக்கலாம், கூட்டலாம், அவ்வளவுதான். 1960களில்தான் அந்தக் கதவு திறந்தது. கோன் சகோதரர்களின் ஒயிட் ஓக் ஆலை 1905இல் தொடங்கி 2017இல் மூடப்பட்டது. அங்கேயும் கறுப்பர் குடியிருப்பு தனிதான். ஈஸ்ட் ஒயிட் ஓக் என்று பேர். பக்கத்துத் தென் கரோலினா 1915இல் சட்டமே போட்டது: ஆலைக்குள் வெள்ளையரும் கறுப்பரும் ஒரே அறையில் வேலை செய்யக்கூடாது, ஒரே தண்ணீர் வாளியைத் தொடக்கூடாது.

இதைக் கேட்டதும் எனக்குப் பம்பாய்தான் ஞாபகம் வந்தது. அங்கே நெசவுப் பிரிவில் தீண்டப்படாதவர்களைச் சேர்க்கவில்லை. அறுந்த நூலை நாடாவில் கோக்க வாயால் உறிஞ்ச வேண்டும். நம் எச்சில் பட்ட நூலை அவர்கள் தொட மாட்டார்கள். 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதைத்தான் கேள்வியாக எழுப்பினார். தொழிலாளி வர்க்கம் ஒன்று என்று சொன்னவர்களிடம் அதற்குப் பதில் இல்லை.

தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தபோது தம்பி சொன்னார்: "இந்த எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குச் சொந்தமா இருந்துச்சுக்கா. அந்த ஆஸ்பத்திரி மேல பெரிய கேஸ் நடந்திருக்கு."

கதை இதுதான். மோசஸ் செத்த பிறகு மனைவி பெர்த்தா 1911இல் அவர் பேரில் மருத்துவமனைக்கு அறக்கட்டளை வைத்தார். காசில்லை என்பதற்காக எந்த நோயாளியையும் திருப்பி அனுப்பக்கூடாது என்பது அதில் ஒரு விதி. உயர்ந்த விதிதான். 1947இல் பெர்த்தா இறந்ததும் எஸ்டேட் அந்த மருத்துவமனைக்குப் போய், பிறகு தேசியப் பூங்காத் துறைக்கு வந்தது. கிரீன்ஸ்பரோவில் 1953இல் மோசஸ் கோன் மருத்துவமனை திறந்தது. ஏழைக்குத் திறந்த கதவு கறுப்பருக்கு ஒழுங்காகத் திறக்கவில்லை. கறுப்பு மருத்துவர்கள் அங்கே வைத்தியம் பார்க்க முடியாது. பல் மருத்துவர் ஜார்ஜ் சிம்கின்ஸின் நோயாளிக்குப் பல்லில் சீழ் கட்டிக் காய்ச்சல். மருத்துவமனை சேர்க்கவில்லை. 1962இல் சிம்கின்ஸும் மற்ற மருத்துவர்களும் நோயாளிகளும் வழக்குப் போட்டார்கள். கீழ்க் கோர்ட்டில் தோற்றார்கள். 1963 நவம்பரில் மேல்முறையீட்டில் ஜெயித்தார்கள். அரசுப் பணத்தில் மருத்துவமனை கட்ட வந்த 1946ஆம் வருசச் சட்டம், 'தனித்தனியாக, ஆனால் சமமாக' என்று பிரித்து வைக்க அனுமதித்திருந்தது. அந்தப் பகுதி செல்லாது என்றது தீர்ப்பு. 1964இல் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. மருத்துவமனை நிர்வாகம் 2016இல்தான் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. வழக்குப் போட்டவர்களில் அப்போது உயிரோடு இருந்தவர் டாக்டர் ஆல்வின் பிளவுன்ட் ஒருவர்தான்.

இதைத்தான் நம் தோழர்களுக்குச் சொல்ல வேண்டும். வறுமையைப் பற்றி அத்தனை கவலையோடு எழுதின ஒரு சாசனம் நிறத்தைப் பார்க்கவில்லை. காசில்லாதவன் என்பது ஒரு நிலைமை. தீண்டத்தகாதவன் என்பது வேறொரு நிலைமை. முதலாவதைத் தீர்த்தால் இரண்டாவது தானாகத் தீரும் என்று நமக்குக் காலமெல்லாம் சொல்லி வந்தார்கள். அது தானாகத் தீரவில்லை. சிம்கின்ஸ் கோர்ட்டுப் படி ஏறினார், தீர்ந்தது.

நம் ஊர்ப் பண்ணை வீடுகளும் ஒருநாள் பூங்காவாகும், நினைவில்லமாகும். தேக்குத் தூணையும் கண்ணாடி விளக்கையும் காட்ட ஆள் வருவான். நெல் அளந்த மரக்கால் எவ்வளவு குறைந்தது என்று அவன் சொல்லப்போவதில்லை. களத்தில் நின்ற அம்மாக்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். மாணவத் தோழர்களே, நோட்டை எடுத்துக்கொண்டு அவர்களிடம் போங்கள். கேட்டு எழுதுங்கள்.