மேற்குத் தாம்பரத்துக் கேமரா பாய்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய கேமராவுக்கு விலை கேட்கிறவர்களில் கல்லூரிப் பிள்ளைகளைத்தான் இப்போது அதிகம் பார்க்கிறேன். மாட்டுச் சந்தையாகத் தொடங்கி, இன்றைக்குப் பழைய டிரங்க் ரோடு நெடுகத் தையல் மிஷினும் டேப் ரெக்கார்டரும் கோழிக்குஞ்சும் பூச்செடியும் விற்கிற சந்தை. தார்ப்பாயில் குவித்த சாமான்களுக்கு நடுவே ஒரு யாஷிகாவோ கேனனோ கிடந்தால் பையன்கள் குந்தி உட்கார்ந்து லீவரை இழுத்துப் பார்க்கிறார்கள். லென்ஸை வெயிலுக்கு நேரே பிடித்து ஃபங்கஸ் இருக்கிறதா என்று தேடுகிறார்கள். பிலிம் கேமராவுக்கு மறுபடி கிராக்கி வந்துவிட்டது. வாங்கிப்போனால் போதுமா, அது ஓட வேண்டாமா, யார் சரிசெய்து கொடுக்கிறார்கள் என்று குரோம்பேட்டை நண்பர் ஒருவரிடம் கேட்டேன். “சந்தையில வாங்குற சரக்கெல்லாம் கடைசியில வெஸ்ட் தாம்பரம் பாய்கிட்டதான் போகுது. உங்க கேமராவையும் எடுத்துக்கிட்டு வாங்க, காட்டலாம்” என்றார்.

அவர் சொன்ன என் கேமரா, யாஷிகா எலக்ட்ரோ 35. நான் முதன்முதலாகக் கையில் எடுத்த ரேஞ்ச்ஃபைண்டர். தாய்மாமா பர்மா பஜாரில் வாங்கி, கொஞ்ச காலம் வைத்திருந்து, நான் கல்லூரியில் சேர்ந்த வருஷம் என்னிடம் கொடுத்துவிட்டார். வெளிநாட்டுக் கேமரா என்றால் வரியும் கெடுபிடியுமாக இருந்த காலம். பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த தமிழர்களுக்காக 1969இல் பாரிமுனைப் பக்கம் உருவான அந்தக் கடைவரிசையில்தான் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு ஜப்பான் கேமரா கைக்கு எட்டியது.

அதற்கு முன் வீட்டில் இருந்தது ஆக்ஃபா கிளிக் 3. குறிபார்த்து அமுக்கினால் படம் விழும், அவ்வளவுதான். யாஷிகாவின் வியூஃபைண்டரில் கண் வைத்த அன்றைக்கு எனக்கு வேறொரு உலகம் திறந்தது. நடுவில் மஞ்சளாகச் சின்னக் கட்டம். அதற்குள் மட்டும் எதிரே நிற்கிறவர் இரண்டாகத் தெரிவார். லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப, மங்கலான இரண்டாவது உருவம் நகர்ந்து வந்து முதல் உருவத்தின் மேல் உட்காரும். உட்கார்ந்த நொடியில் ஃபோகஸ் சரி. அம்மாவின் மூக்குத்தியை அப்படி ஒன்றாகச் சேர்த்து எடுத்த படம் இன்னும் இருக்கிறது.

அந்தக் கேமராவால் நான் அதிகம் எடுத்தது தாம்பரம் – பீச் மீட்டர் கேஜ் மின்சார ரயிலை. 1931இல் ஓடத் தொடங்கி 2004இல் நின்றுபோன ரயில். சாயங்கால வண்டியில், குறைந்த வெளிச்சத்தில், பூக்கூடையோடு தரையில் உட்கார்ந்திருக்கும் பெண்களை ஃபிளாஷ் இல்லாமல் எடுத்திருக்கிறேன். லென்ஸின் அப்பெர்ச்சர் 1.7. எஸ்எல்ஆர் போலக் கண்ணாடி எழும்பி அடிப்பது கிடையாது என்பதால் சத்தமும் இல்லை, அமுக்குகிற நேரத்தில் பார்வை மறைவதும் இல்லை. 1948 ஜனவரி 30 அன்று காந்தியைக் கொலைக்குச் சற்று முன்பு சந்தித்து, பிறகு இறுதி ஊர்வலத்தின் கூட்ட நெரிசலுக்குள் நின்று படமெடுத்த ஹென்றி கார்ட்டியே-பிரெஸ்ஸோன் கையில் இருந்ததும் ரேஞ்ச்ஃபைண்டர் லைக்காதான். மனிதர்களுக்குப் பக்கத்தில் போய் எடுக்க இதைவிட நல்ல கருவியை நான் இன்றுவரை பார்க்கவில்லை.

பாயின் கடை கீழே மிக்ஸி, கிரைண்டர் பழுதுபார்க்கும் இடம். கேமரா வேலை மாடி அறையில். பேர் எழுத வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொண்டார். வயது எழுபதைத் தொடுகிறது. என் யாஷிகாவை வாங்கி, ஒன்றும் பேசாமல் லீவரைக் காதருகே வைத்து மெதுவாக இழுத்தார். “சத்தம் வரல பாருங்க. ‘டொக்’னு ஒரு சத்தம் வரணும். உள்ள ஒரு ரப்பர் பேட் இருக்கும் சார், மிளகு சைஸ்ல. அது கரைஞ்சிருச்சு. இந்த மாடல்ல எல்லாத்துக்கும் இதே வியாதிதான்” என்றார்.

அவருடைய மேஜையில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது ஒரு டப்பா நிறைய ரப்பர் புஷ். ஊன்றுகோலுக்கும் ஸ்டூல் காலுக்கும் அடியில் மாட்டுகிற அதே கறுப்பு ரப்பர். விரல் பருமன் முதல் டம்ளர் வாய் அகலம் வரை வகைவகையாக. லென்ஸின் முகப்பில் எழுத்துப் பொறித்த வளையம் இருக்கிறதே, பல கேமராக்களில் அதைக் கழற்ற ஸ்க்ரூவும் இருக்காது, பிடிக்கப் பள்ளமும் இருக்காது. இடுக்கி போட்டால் வளையம் கோணும், கை நழுவினால் கண்ணாடியில் கோடு. சரியான அளவு புஷ்ஷைத் தேர்ந்து, விளிம்பை உப்புத்தாளில் தேய்த்துச் சமன்செய்து, வளையத்தின் மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தித் திருகினார். வளையம் சிணுங்கிக்கொண்டே சுற்றி வந்தது. புஷ் அவர் கண்டுபிடிப்பு இல்லை, அவருடைய உஸ்தாத் காட்டிக்கொடுத்தது. ஆனால் ஒவ்வொரு புஷ்ஷின் பக்கத்திலும் வெள்ளை பெயிண்டால் எந்தக் கேமராவுக்கு என்று எழுதி வைத்தது இவர். தெருவோரச் செருப்புக் கடையில் வாங்கியது, கட்டில் காலில் இருந்து கழற்றியது, மருந்துக்கடையில் கேட்டு வாங்கியது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு சொன்னார். டப்பாவில் மிகச் சின்னது ஒரு மருந்து பாட்டில் மூடி. அது ஏதோ ஒரு ஜெர்மன் கேமராவுக்கு மட்டும் பொருந்துமாம். அதற்கு வேலை வந்து பல வருஷம் ஆகிறது. தூக்கிப்போட மனம் வரவில்லை.

ஆற்காட்டுப் பக்கம் கிராமம். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு அண்ணா சாலையில் ஒரு கேமரா ரிப்பேர் கடைக்கு எடுபிடியாக வந்தார். முதல் வருஷம் டீ வாங்குவது, பிரஷ்ஷால் தூசு தட்டுவது, கழற்றிய ஸ்க்ரூக்களை வரிசைப்படுத்துவது. உஸ்தாத் ஒரு கேமராவைத் திறக்கும்போது இவர் ஓர் அட்டையில் அந்தக் கேமராவை மேலிருந்து பார்ப்பதுபோல் வரைய வேண்டும். எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்ததோ, அட்டையில் அதே இடத்தில் குத்தி வைக்க வேண்டும். இன்றைக்கும் அட்டை இல்லாமல் அவர் வேலை தொடங்குவதில்லை. என் யாஷிகாவுக்கும் ஒரு மாத்திரை அட்டைப்பெட்டியைக் கிழித்து வரைந்தார். அந்தக் கோடுகள் அத்தனை நேர்த்தி.

ஆவணி பிறந்தால் கல்யாண போட்டோகிராபர்கள் கடை வாசலில் நிற்பார்களாம், யாஷிகா மேட் 124ஜியும் பென்டாக்ஸ் கே1000மும் கையுமாக. நாளைக்கு முகூர்த்தம், இன்றைக்கு ராத்திரிக்குள் சட்டர் ஓட வேண்டும் என்பார்கள். டிஜிட்டல் வந்த பின் நாலைந்து வருஷத்தில் அந்த வாசல் காலியானது. உஸ்தாத் மறைந்தார், கடையை மூடினார்கள். இவர் ரப்பர் புஷ் டப்பாவோடு தாம்பரம் வந்து மிக்ஸி வேலையை எடுத்துக்கொண்டார்.

கரைந்த பேடுக்குப் பதிலாக சைக்கிள் பிரேக் கட்டையின் ரப்பரைச் சீவி ஒட்டினார். பின்கதவு ஓரத்தில் வெளிச்சம் புகாமல் அடைத்திருக்கும் பஞ்சு தார்போலப் பிசுபிசுத்திருந்தது, அதைச் சுரண்டிவிட்டுக் கறுப்புக் கம்பளி நூலைப் பதித்தார். மின்சுற்றை அவர் பார்த்த விதம் இங்கே வேண்டாம். பாட்டரியை மட்டும் சொல்ல வேண்டும். 1966இல் வந்த இந்தக் கேமராவுக்கு 5.6 வோல்ட் பாதரச பாட்டரி. பாதரசம் விஷம் என்பதால் அந்தவகை பாட்டரிகளை உலகம் கைவிட்டது. 2013இல் நாடுகள் கையெழுத்திட்ட மினமாட்டா ஒப்பந்தமும் அந்த வழியில்தான். சரியான முடிவு. பாய் நாலு பொத்தான் பாட்டரியைச் சார்ட் பேப்பரில் சுருட்டி, மிச்ச இடத்துக்குப் பித்தளைத் துண்டும் ஸ்பிரிங்கும் வைத்து 6 வோல்ட் குழல் செய்து கொடுக்கிறார். போட்டதும் மேலே மஞ்சள் விளக்கு எரிந்தது.

மேல்மூடியைத் திறந்து ரேஞ்ச்ஃபைண்டரைக் காட்டினார். ஒரு ஜன்னல் வழியாக நேரே பார்க்கிறோம். சற்றுத் தள்ளி இருக்கும் சின்ன ஜன்னல் வழியாக வரும் காட்சியை ஒரு கண்ணாடி திருப்பி அனுப்ப, பாதி ரசம் பூசிய இன்னொரு கண்ணாடி இரண்டையும் நம் கண்ணில் சேர்க்கிறது. லென்ஸ் முன்பின் நகர்வதை ஒரு நெம்புகோல் உணர்ந்து உள்ளே இருப்பதை அசைக்கிறது. லென்ஸையும் தூரம் காட்டியையும் இப்படி ஒன்றாகப் பிணைத்து லைக்கா 1932இல் விற்பனைக்கு விட்டது. அதுவரை லைக்காவில் தூரத்தைத் தனியே அளந்து, லென்ஸில் தனியே வைக்க வேண்டும். பாதி ரசக் கண்ணாடியைக் காட்டி, “இதுல பஞ்சு படக் கூடாது சார். அழுக்கா இருக்கேன்னு துடைச்சா ரசம் கையோட வந்துடும். யூடியூப் பாத்துட்டுத் துடைச்சு எடுத்துட்டு வர்றாங்க” என்றார். அப்படி வந்ததற்கெல்லாம் செத்த கேமராக்களிலிருந்து கண்ணாடி எடுத்து மாட்டுகிறார். அலமாரியின் கீழ்த்தட்டு முழுக்க அந்தச் செத்த கேமராக்கள்.

பிறகு மொட்டைமாடி. பின்கதவைத் திறந்து, பிலிம் ஓடும் தடத்தில் பட்டர் பேப்பரை இழுத்து ஒட்டினார். சட்டரை ‘பல்ப்’ நிலையில் வைத்து, கேபிளால் திறந்தபடி நிறுத்தினார். பச்சைமலைப் பக்கம் தூரத்தில் ஒரு செல்போன் டவர். பட்டர் பேப்பரில் அது தலைகீழாக, ஊசி முனையால் கீறியதுபோல் விழுந்தது. வாட்ச் ரிப்பேர்காரர்கள் கண்ணில் இடுக்கும் லூப்பை இடுக்கிக்கொண்டு அதைப் பார்த்தார். “டவர், கரண்டு கம்பம், இப்படி நட்டுக்குத்தா இருக்கணும் சார். டபுள் இமேஜ் பக்கவாட்டுலதானே ஓடுது. படுக்கைக் கோட்டை வெச்சுப் பாத்தா ஏமாத்திடும்.” லென்ஸ் சரியான இடத்தில் நிற்பதை உறுதிசெய்த பிறகு, மஞ்சள் கட்டத்து டவரை அதோடு சேர்க்க ஒரு ஸ்க்ரூவை மயிரிழை திருப்பினார். தூரம் சரி. இனி பக்கம். மாடிப்படிச் சுவரில் தினசரி காலண்டர் மாட்டியிருக்கிறது. டேப் வைத்து ஒரு மீட்டர் தள்ளி நின்று, தேதி எண்ணின் ஓரத்தைப் பார்த்தார். இரண்டு ஓரம் தெரிந்தது. இங்கே சரிசெய்தால் அங்கே விலகுகிறது. காலண்டருக்கும் டவருக்குமாக மாறிமாறி நடந்தார். அவசரமே இல்லை. வெயில் சாயும்வரை அந்த நடை நிற்கவில்லை. கடைசியில் கேமராவை என்னிடம் நீட்டினார். டவர் ஒன்றாக நின்றது, தேதியும் ஒன்றாக நின்றது.

இந்த வேலைக்கு அவர் கேட்டது 700 ரூபாய்.

அங்கேதான் எனக்கு ஆத்திரம் வந்தது, அவர்மேல் அல்ல. சந்தையில் சில நூறு ரூபாய்க்குப் பொறுக்கிய கேமராவை ஒரு வியாபாரி இவரிடம் கொண்டுவருகிறார். இதே 700, பேரம் பேசினால் 600. ஓட வைத்த கேமராவை இன்ஸ்டாகிராமில் அழகாகப் படம்பிடித்து, முழு சர்வீஸ் செய்தது என்று போட்டு, 9,000க்கும் 12,000க்கும் விற்கிறார். அந்த மூன்று வார்த்தைக்குத்தான் விலை. அந்த மூன்று வார்த்தைக்குச் சொந்தக்காரர் பேர் எங்கும் இல்லை. கேட்டால், முதல் போட்டேன், ரிஸ்க் என்னுடையது என்பார்கள். நாள் முழுக்கக் கண்ணைக் கொடுத்தவருக்கு ரிஸ்க் இல்லையா? காஞ்சிபுரத்துத் தறிக்காரருக்கு நடந்ததும் இதுதான். புடவை விலை ஏறியபோதெல்லாம் கூலியும் ஏறியதா? கிராக்கி வந்தால் கைத்தொழில் பிழைத்துவிடும் என்று பேசுகிறோம். கிராக்கியின் லாபம் தொழில் தெரிந்த கைக்குப் போய்ச் சேராவிட்டால், அந்தக் கையின் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள எந்த இளைஞன் வருவான்? பாயின் மகன் கூரியர் கம்பெனியில் வேலை பார்க்கிறார். வேறென்ன செய்வார்?

அறிவு எவ்வளவு சீக்கிரம் கைவிட்டுப் போகும் என்பதற்கு ஊட்டி இருக்கிறது. இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 1960இல் அரசு தொடங்கிய கம்பெனி, 1967இல் உற்பத்தி. குளிர்ந்த, தூசு குறைந்த மலைக்காற்று வேண்டும் என்றே அங்கே வைத்தார்கள். ‘இண்டு’ கறுப்பு வெள்ளை பிலிம் நான் நிறைய வாங்கியிருக்கிறேன். இருட்டறையில் பிலிம்மேல் ரசாயனம் பூசத் தெரிந்த தொழிலாளர்கள் இந்த மாநிலத்திலேயே இருந்தார்கள். 1996இல் நலிந்த நிறுவனம் என்று அறிவித்தார்கள், பிறகு மூடுவிழா. இன்றைக்கு ஒரு ரோல் வாங்க வெளிநாட்டுச் சரக்குக்குக் காத்திருக்கிறோம்.

பாயிடம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பெண் வருகிறாள். விஸ்காம் படிக்கிறவள். தாத்தாவின் ஸோர்க்கி 4 என்ற சோவியத் கேமராவைச் சரிசெய்யக் கொண்டுவந்தவள், வேலையைப் பார்த்துவிட்டு, “நானும் கத்துக்கறேன் அங்கிள்” என்று உட்கார்ந்துவிட்டாள். அட்டை வரைகிற கட்டத்தைத் தாண்டி, இப்போது புஷ் தேர்ந்தெடுக்கப் பழகுகிறாள். ஸோர்க்கியின் மூதாதை ஃபெட். உக்ரைனின் கார்க்கிவ் நகரில், அநாதைச் சிறுவர்களுக்காகக் கல்வியாளர் மகரென்கோ நடத்திய கம்யூனில் 1934 முதல் அந்தப் பிள்ளைகளே லைக்காவைப் பார்த்துச் செய்த கேமரா அது. அதைச் சொன்னபோது அவளுக்குக் கண் விரிந்தது.

நாங்கள் மூவரும் உட்கார்ந்து ஒரு ரேட் அட்டை எழுதினோம். சுத்தம் செய்து நூல் பதிக்க இவ்வளவு, ரேஞ்ச்ஃபைண்டர் சரிபார்க்க இவ்வளவு, சட்டர் பிரித்தால் இவ்வளவு. நான் சொன்ன தொகையைப் பாய் குறைப்பார், அவள் ஏற்றுவாள். ரேஞ்ச்ஃபைண்டருக்கு 1,500 என்று நின்றது. வேலை முடிந்த ஒவ்வொரு கேமராவோடும், செய்த வேலையும் தேதியும் போட்டு, கடை முத்திரையோடு ஒரு பில். வியாபாரி விற்றாலும் அந்த பில் கூடவே போக வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள், பாய் ஒப்புக்கொண்டார். ஃபங்கஸ் கண்ணாடியை அரித்திருந்தால் வாங்கவே கூடாது என்பதில் மூவருக்கும் ஒரே எண்ணம். ஸோர்க்கிக்கு மட்டும் விலை படியவில்லை. சட்டரை இழுத்து ஏற்றுவதற்கு முன்பே வேகத்தை மாற்றினால் அதன் உள்ளே பல் கெட்டுவிடும். யார் யார் கையில் எத்தனை முறை அப்படித் திருகினார்களோ, திறந்து பார்க்காமல் எப்படி ரேட் சொல்வது என்கிறார் பாய். திறந்து பார்ப்பதற்கே காசு வாங்குங்கள் என்கிறாள் அவள். அடுத்த ஞாயிறு பேசிக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறோம்.