வன்னி வழியும் உயர்ந்த சில்லும்

வன்னிக்கு இரண்டு முகங்கள் உண்டு. கோடையிலே காணும் முகம் ஒன்று. மாரியிலே காணும் முகம் மற்றொன்று. வவுனியாவிலிருந்து வடக்கு நோக்கி ஏ-9 வீதியால் விரைந்து செல்வோர் இவ்விரண்டையுமே காண்பதில்லை. போர் முடிந்த 2009ஆம் ஆண்டின் பின்னர் செப்பனிடப்பெற்ற அவ்வீதி, கண்ணாடித் தளம்போல் வாகனங்களை ஏந்திச் செல்கின்றது. ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து போகின்றன. உண்மையான வன்னியைக் காண விரும்புவோர் அவ்வீதியை விட்டு இறங்குதல் வேண்டும். அதுவும் மார்கழி மாதத்திலே இறங்குதல் வேண்டும்.

அவ்வண்ணமே நாமும் ஒரு மாரிக்காலத்திற் புறப்பட்டோம். முறிகண்டிப் பிள்ளையார் கோவிலில் வழக்கம்போல் வாகனத்தை நிறுத்தித் தேங்காய் உடைத்தோம். அவ்வழியாற் செல்லும் சாரதிகளுள் அங்கு நின்று வணங்காது செல்வோர் அரியர். அன்று அங்கே நின்ற வாகனங்களுள் சில எமது கண்ணைக் கவர்ந்தன. அவை பழைய பிக்கப் வண்டிகள். ஆனால் பிறந்த உயரத்தில் அவை இல்லை. உடல் மேலெழுந்து, தடித்த பெரிய ரயர்களின்மீது, கால் நீண்ட கொக்குகள்போல் நின்றன. அவற்றின் மட்காட்டிற் படிந்திருந்த செஞ்சேறு, அவை காப்பெற் வீதியில் மட்டும் ஓடுபவை அல்ல என்பதற்குச் சான்று பகர்ந்தது.

பழைய வண்டிக்கு ஏன் இத்துணைப் பாடு என்று வாசகர்கள் வினவலாம். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இலங்கை அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேதான். இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களின் விலை வானளாவ உயர்ந்தது. புதிது வாங்க இயலாதவன் உள்ளதைத் திருத்துகின்றான். அன்றியும், பழைய வண்டிகள் திருத்துதற்கு இசைந்து கொடுப்பவை. ரொயோட்டா நிறுவனத்தின் ஹைலக்ஸ் 1979இல் முதன்முதலாக நாற்சில்லு இயக்கத்துடன் வெளிவந்தபோது, முன்புறத்திலும் பின்புறத்திலும் முழுத்தண்டு அச்சும் அடுக்கு வில்லுத்தகடும் கொண்டதாகவே வந்தது. சம்மட்டியும் சாவியும் உள்ள எந்தக் கராச்சிலும் அதன் நோயைத் தீர்க்கலாம்.

கிளிநொச்சியில் அத்தகைய கராச் ஒன்றைக் கண்டோம். நெடுநாள் அனுபவம் வாய்ந்த மெக்கானிக் ஒருவர் வண்டியொன்றின் அடியிலிருந்து எழுந்து வந்து எமது ஐயத்தைத் தீர்த்தார். "மாஸ்ரர், பெட்டியை உயர்த்தினால் வடிவு, சில்லை உயர்த்தினால்தான் வழி" என்றார் அவர். இவ்வொரு வாக்கியத்தில் முழு நுட்பமும் அடங்கியிருக்கின்றது.

வண்டியின் அடியிலே மிகத் தாழ்ந்து நிற்கும் உறுப்பு யாது? அச்சின் நடுவிலே பூசணிக்காய்போற் பருத்திருக்கும் டிபரன்சியல் பெட்டியே. கல்லிலும் கட்டையிலும் முதலில் முட்டுவது அதுதான். வில்லுத்தகட்டை மாற்றி உடலை நாலு அங்குலம் உயர்த்தினாலும் அப்பெட்டி ஒரு நூலளவும் உயராது. ஏனெனில் அது வில்லுக்குக் கீழே, அச்சோடு ஒட்டியே இருக்கின்றது. அதனை உயர்த்த வல்லது சில்லு ஒன்றே. மாணவர்கள் இதனைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். 29 அங்குல விட்டமுள்ள சில்லைக் கழற்றி 31 அங்குலச் சில்லைப் பூட்டினால், ஆரை ஓர் அங்குலம் கூடும். அச்சும் ஓர் அங்குலமே உயரும். அப்படியாயின் உடலை உயர்த்துவது எதற்கு? பெரிய ரயர் மட்காட்டில் உரசாதிருக்க இடம் வேண்டும், அதற்காகத்தான்.

இது நமது முன்னோர் அறியாத புதுமையன்று. வன்னியின் மாட்டுவண்டிக்கு ஆளின் மார்பளவு உயர்ந்த சில்லுகளைத் தச்சர்கள் ஏன் பூட்டினார்கள்? சேற்றுக்கும் பள்ளத்துக்கும் மேலாக அச்சை நிறுத்துதற்கன்றோ! பின்னர் வந்த உழவு இயந்திரமும் அந்த நியாயத்தினாலேயே இம்மண்ணில் நிலைத்தது. பரந்தனிலிருந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு வழியாக முல்லைத்தீவு செல்லும் வீதியிலே, 2008, 2009ஆம் ஆண்டுகளில், குடும்பங்களையும் அவர்தம் உடைமைகளையும் சுமந்து ஊர்ந்தவை அந்த உழவு இயந்திரங்களே. இன்றும் அவ்வீதியிலிருந்து உள்ளே கிளைத்துச் செல்லும் கிறவல் பாதைகளிலே, நோயாளியையோ நிறைமாதக் கர்ப்பிணியையோ மாரியில் வெளியே கொணர்வதற்கு உயர்ந்த சில்லுள்ள வண்டியை நாடுவோர் உளர்.

ஆயினும் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஒரு விலை உண்டு. உடல் உயர உயரப் புவியீர்ப்பு மையமும் உயர்கின்றது. வளைவிலே வண்டி கவிழும் ஆபத்துப் பெருகுகின்றது. பெரிய சில்லைச் சுழற்ற எஞ்சின் கூடுதலாக உழைக்கின்றது. நிறுத்தப் பிரேக்கும் கூடுதலாக உழைக்கின்றது. வேகமானி பொய் சொல்லத் தொடங்குகின்றது: 29 அங்குலச் சில்லுக்கு அமைந்த முள் அறுபதைக் காட்டும்போது, 31 அங்குலச் சில்லில் வண்டி உண்மையில் அறுபத்துநான்கில் ஓடும். பிரேக் குழாய் நீளம் போதாமல் இழுபடலாம். எஞ்சினின் சுழற்சியை அச்சுக்குக் கொண்டு செல்லும் தண்டு கோணம் மாறி அதிரலாம். சிலர் செலவைச் சுருக்க எண்ணி முன் அச்சுக்கும் வில்லுக்குமிடையே இரும்புக் கட்டை செருகுவர். பிரேக் பிடிக்கும்போது அக்கட்டை நழுவினால் சுக்கானுக்கு வண்டி கட்டுப்படாது. ஆதலால் அறிந்த மெக்கானிக்குகள் அதனைச் செய்ய இசையார். வாகனத்தின் அமைப்பை மாற்றுவோர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதியைப் பெறுதலும் அவசியம்.

இவை எல்லாவற்றினும் கொடியது உயரம் தரும் துணிவு. கனகராயன் ஆற்றின் நீரைத் தேக்கி நிற்பது இரணைமடுக்குளம். 2018ஆம் ஆண்டு டிசம்பரில் பெருமழை பெய்து அதன் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது, தாழ்ந்த கிராமங்கள் நீரில் மூழ்க, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடுகளை விட்டு வெளியேறின. குளங்கள் வான் பாயும் அத்தகைய நாட்களிலே தாம்போதிகளின்மேல் வெள்ளம் குறுக்கறுத்து ஓடும். "எனது வண்டி உயரமானது" என்று அதனுள் இறங்குவோர் ஒன்றை மறக்கின்றனர். ஓடும் நீர் ஓரடி இருந்தாலே சிறிய காரை இழுத்துச் செல்ல வல்லது. இரண்டடி நீர் பிக்கப்பையும் புரட்ட வல்லது. காற்று நிறைந்த பெரிய ரயர் வெள்ளத்தில் நங்கூரமன்று, மிதவை. அன்றியும் கலங்கிய நீரின் கீழே வீதி இருக்கின்றதா, அரித்துப் போயிற்றா என்பதை எந்த உயரத்திலிருந்தும் காண இயலாது.

ஆகவே, பழைய பிக்கப்பை உயர்த்த எண்ணும் இளைஞர்கள் முதலிலே தம் பாதையை அளந்து கொள்வார்களாக. சேறும் பள்ளமுமே இடர் என்றால் ஓரிரண்டு அங்குலம் போதும். அதற்கு மேலே ஏறுவது பெரும்பாலும் வடிவுக்கே. வயலுக்கும் வைத்தியசாலைக்கும் வழி தேடி உயரும் சில்லை நாம் வாழ்த்துவோம். வெள்ளம் ஓடும் தாம்போதிக்கு மட்டும் சில்லிலே மருந்தில்லை. அங்கே உயர வேண்டியது வண்டியன்று, பாலம். அது உயரும் நாள்வரையும், நீர் வடியுமட்டும் கரையிலே காத்திருப்பதே வன்னி மண்ணில் வாழ்ந்தோர் கற்ற பாடம்.