பத்து மில்லிசெகண்டில் ஒரு பாக்கெட்

"ஆக்சிஸ் இப்ப எங்க இருக்கு?" புரோக்ராமில் இதற்கு ஒரே வரிதான். ஆக்சுவல் பொசிஷனை ஒரு வேரியபிளில் போட்டா முடிஞ்சது. மெதுவா நகரும்வரை அந்த ஒரு வரி போதும்.

இன்டர்ன்ஷிப் போன இடத்தில் பாக்கெட் போடும் மெஷின் ஒன்று. பிரிண்ட் பண்ணின ஃபிலிம் ஓடும். ஓரத்தில் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒரு கறுப்புக் கட்டம், ஐ-மார்க். சென்சார் அதைப் பார்த்ததும் புரோக்ராம் பொசிஷனைப் படிச்சு, எங்கே வெட்டணும்னு கணக்குப் போடும். வேகத்தைக் கூட்டினால் வெட்டு ஒரு பாக்கெட்டில் முன்னே, அடுத்ததில் பின்னே விழும். அதனால் ஆபரேட்டர் அண்ணன் மெதுவாகத்தான் ஓட்டுவார். "சோம்பேறி, டார்கெட்டே வரமாட்டேங்குது" என்பது சூப்பர்வைசர் கட்சி. அண்ணன் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, மெதுவா ஓட்டுனா சரியா வெட்டுது. வேகமா ஓட்டுனா தள்ளிப் போகுது. நான் என்ன பண்றது?"

பிஎல்சி ஸ்கேன் 10 மில்லிசெகண்ட். சிக்னல் அதற்குள் எந்தக் கணத்தில் வந்தாலும் புரோக்ராம் பார்ப்பது அடுத்த சுற்றில்தான். செகண்டுக்கு 500 மிமீ ஓடும் ஃபிலிம் அதற்குள் 5 மிமீ தாண்டிவிடும். 100 மிமீ வேகத்தில் வெறும் 1 மிமீ. அண்ணன் சொன்னது அப்படியே கணக்கில் வந்து நின்றது! அந்த 5 நிலையாக இருந்தாலாவது ஆஃப்செட் போட்டுக் கழிச்சிடலாம். ஆனா ஒருமுறை 0.3, அடுத்தமுறை 4.6. இதுக்கு எந்த ஆஃப்செட்டும் உதவாது.

ஸ்கேனைக் குறைச்சா பிழை குறையும், போகாது. சாதாரண இன்புட்டில் ஃபில்டர் தாமதம் வேற இருக்கு. சரியான வழி, சென்சார் வயரை நேரா சர்வோ டிரைவின் வேக இன்புட்டுக்குக் கொடுப்பது. மார்க் வந்த கணத்தில் டிரைவின் ஹார்டுவேரே என்கோடர் கவுன்ட்டைப் பிடிச்சு வச்சுக்கும். இதைத்தான் லேட்ச் என்கிறோம். புரோக்ராம் அப்புறம் நிதானமா படிச்சா போதும். பிஎல்சிஓப்பன் தரத்தில் இதற்கு எம்சி_டச்ப்ரோப் என்ற ஃபங்ஷன் பிளாக் இருக்கு. அதில் விண்டோ கட்டாயம் போடுங்க. மார்க் வரவேண்டிய இடத்தைச் சுற்றி மட்டும் பார்க்கும். இல்லைன்னா பாக்கெட்டில் அச்சான கறுப்பு எழுத்தைக்கூட மார்க்னு நம்பிடும்.

கணக்கை ஒரு தாளில் எழுதி அங்கிருந்த இன்ஜினியரிடம் கொடுத்தேன். ஒரு சாப்பாட்டு இடைவேளையில் வயரை மாத்திட்டார். பிளாக்கை எழுதத்தான் சாயங்காலம் ஆச்சு. மறுநாள் 500-ல் ஓடியது, வெட்டு நகரவில்லை. சூப்பர்வைசர் ஒண்ணும் சொல்லலை. அண்ணன் மட்டும் ரெண்டு டீ வாங்கிட்டு வந்தார்.

இன்னும் ஒரு மிச்சம், சென்சாரின் சொந்தத் தாமதம். அது கிட்டத்தட்ட நிலையானது. ஒரே மார்க்கை ஒரே திசையில் 100-லும் 500-லும் லேட்ச் பண்ணிப் பாருங்க. வித்தியாசம் 0.2 மிமீ வந்தா, அதை 400-ஆல் வகுத்தால் 0.5 மில்லிசெகண்ட். அதை ஓடும் வேகத்தால் பெருக்கி, லேட்ச் ஆன பொசிஷனில் கழிச்சிடுங்க.