ஆரோனின் சகோதரி

மேன்ஷன் ரூம்ல என்கூட தங்கியிருந்தவர் ஒரு பாய். என்னைவிட நாலு வயசு மூத்தவர். நான் ஞாயித்துக்கிழமை தவறாம கோயிலுக்குப் போற ஆளு. எங்களுக்குள்ள சண்டைன்னா அது ஃபேன் ஸ்பீடுக்காகத்தான் :-)

ஒருநாள் எங்கேயோ படிச்சதை வச்சு அவரை மடக்கலாம்னு கிளம்பினேன். குர்ஆன்ல (19:28) ஈசா நபியோட தாய் மர்யமை ஊர்க்காரங்க 'ஹாரூனின் சகோதரியே'ன்னு கூப்பிடறாங்க. 66:12-ல அவங்க இம்ரானோட மகள். எங்க பைபிள்லயோ ஆரோன், மோசே, மிரியாம் மூணு பேரும் அம்ராமோட பிள்ளைங்க. இயேசுவுக்கு ஆயிரம் வருஷத்துக்கும் மேல முந்தினவங்க.

"என்ன பாய், ரெண்டு மரியாளையும் ஒண்ணாக்கிட்டீங்களே?"ன்னேன். குரல்ல நக்கல் இருந்தது, ஒத்துக்கறேன்.

அவர் கோபப்படல. "இதை நஜ்ரான் கிறிஸ்தவங்க அப்பவே கேட்டாச்சு தம்பி"ன்னார். அங்கே போயிருந்த முகீரா பதில் தெரியாம திரும்பி வந்து நபிகள்கிட்டயே கேட்டாராம். முன்னோரான நபிமார், நல்லவங்க பேரை அந்த மக்கள் தங்களுக்கு வச்சுக்கறது வழக்கம்னு பதில் வந்ததாம். இது ஸஹீஹ் முஸ்லிம்ல இருக்கு. 'சகோதரி'ன்னா ஆரோன் குலத்துப் பொண்ணுன்னும் சில உரையாசிரியர்கள் சொல்றாங்க. 'ஆது' கூட்டத்தைச் சேர்ந்த ஹூத் நபியை 'ஆதின் சகோதரர்'னு குர்ஆனே (46:21) சொல்லுது. ஆராய்ச்சியாளர்கள் இன்னும் விவாதிச்சுக்கிட்டுதான் இருக்காங்க.

அன்னிக்கு ராத்திரி என் பைபிளை எடுத்தேன். லூக்கா 1-ல எலிசபெத்து ஆரோன் வம்சம். மரியாள் அவருக்கு உறவு. மரியாளோட அப்பா பேரு? தேடினேன், எங்கேயும் இல்ல. சின்ன வயசுலருந்து நான் சொல்ற 'சுவக்கின்' பைபிள்ல இல்லாத, 2-ம் நூற்றாண்டு நூல் ஒண்ணுல இருந்து வந்த பேரு.

சூசையப்பரோட அப்பா மத்தேயுல யாக்கோபு, லூக்காவுல ஏலி. வாரிசில்லாம செத்த சகோதரனோட மனைவியைக் கட்டிக்கிட்ட வழக்கத்தால ரெண்டு அப்பான்னு 3-ம் நூற்றாண்டுலயே ஜூலியஸ் ஆப்பிரிக்கானுஸ் விளக்கியிருக்கார். அந்த விளக்கத்தை நான் உடனே ஏத்துக்கிட்டேன். பாய் சொன்னதுக்கு மட்டும் ஏன் சிரிச்சேன்?

காலைல டீக்கடையில சொன்னேன்.

"யாக்கோபு, ஏலி விஷயமா? தெரியும் தம்பி"ன்னார்.

"அப்ப நேத்தே திருப்பிக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டா உங்க மனசு கஷ்டப்படும்ல."

சந்தேகம் கேட்கறது தப்பில்ல. ஆனா நான் அன்னிக்குக் கேட்டது பதில் தெரிஞ்சுக்க இல்ல, ஜெயிக்க. டீக்குக் காசு நான்தான் கொடுத்தேன்.