எந்தக் கோப்பு முதலில்?

பிரிட்டனில் 2022 ஜூன் 28க்கு முன் வந்த அகதி விண்ணப்பங்களைப் ‘பழைய தேக்கம்’ என்று தனியே பிரித்தார்கள். அன்று ஒரு புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது, அவ்வளவுதான். அந்தத் தேதிக்கு வேறு மகிமை இல்லை. ஆனால் அந்த டிசம்பரில் பிரதமர் ரிஷி சுனக், 2023 முடிவதற்குள் இந்தக் குவியலைத் தீர்ப்பதாக வாக்குக் கொடுத்தார். ஜூன் 27இல் அசைலம் அடித்தவரின் கேஸ் திடீரென்று அவசரமானது. 29இல் அடித்தவர் ஓரமாக நின்றார்.

எண்ணிக்கை குறைய வேண்டுமானால் சுலபமானதைத்தானே முதலில் எடுப்பார்கள். 2023 பிப்ரவரியில் ஆப்கானிஸ்தான், எரித்ரியா, லிபியா, சிரியா, ஏமன் நாட்டவருக்கு முழு நேர்காணலுக்குப் பதிலாக ஒரு படிவம் போனது. 20 வேலைநாளில், ஆங்கிலத்தில் நிரப்பி அனுப்ப வேண்டும். பெரும்பாலும் அனுமதி கிடைக்கிற நாடுகள் இவை. யோசனையைக் குறை சொல்ல மாட்டேன். இலங்கை அதில் இல்லை. ஈழத்தமிழர் கேஸை நாட்டின் பெயரை வைத்துத் தீர்த்துவிட முடியாது. இலங்கை அரசு அவரை எப்படிப் பார்க்கிறது, லண்டனில் அவர் எந்தப் போராட்டத்துக்குப் போனார், எந்த அமைப்பில் இருக்கிறார் என்று ஒவ்வொருவராகப் பார்க்கச் சொல்கின்றன, மேல் தீர்ப்பாயம் 2013இலும் 2021இலும் தந்த வழிகாட்டுதல்கள். நிதானமாகப் படிக்க வேண்டிய கோப்பு. அதனாலேயே அடுக்கின் அடிக்குப் போகிறது.

2024 ஜனவரியில் வாக்கை நிறைவேற்றிவிட்டோம் என்று அறிவித்தார்கள். சுமார் 4,500 கேஸ்களுக்கு அப்போதும் முடிவு வரவில்லை. விண்ணப்பத்தைக் கைவிட்டதாகக் குறிக்கப்பட்ட ஆயிரக்கணக்கானவர்களும் ‘தீர்ந்த’ கணக்கில்தான். மறுக்கப்பட்டவர்கள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள். தேக்கம் உள்துறையிலிருந்து தீர்ப்பாயத்துக்குக் குடிபெயர்ந்தது.

அமெரிக்காவில் நேர் தலைகீழ். கடைசியாக வந்தவரை முதலில் அழை. 1995இல் பிடித்த பழக்கம், 2014 டிசம்பரில் விட்டார்கள், 2018 ஜனவரியில் மறுபடி தொற்றிக்கொண்டது. விண்ணப்பித்து 180 நாள் ஆனால் வேலை அனுமதி கிடைக்கும். அதற்காகவே பலர் பொய்யாக விண்ணப்பிக்கிறார்கள், உடனே கூப்பிட்டு விசாரித்தால் அந்த ஆசை போய்விடும் என்பது வாதம். கொஞ்சம் நியாயம் உண்டுதான். ஆனால் தினமும் புதியவர் வந்துகொண்டிருந்தால் அடியில் கிடப்பவரை யார் கூப்பிடுவது? 2024இல்தான் சில அதிகாரிகளை மிகப் பழைய கோப்புகளுக்கென்று ஒதுக்கினார்கள்.

வேகமே மருந்து என்பவர்களுக்கு ஒரு தகவல். விண்ணப்பித்தவரைக் காவலில் வைத்து, முடிவையும் மேல்முறையீட்டையும் நாள் கணக்கில் முடிக்கும் முறை பிரிட்டனில் இருந்தது. அந்த மேல்முறையீட்டு விதிகள் அடிப்படையிலேயே நியாயமற்றவை என்று 2015இல் நீதிமன்றம் தள்ளியது. உடம்பில் உள்ள காயத்துக்கு மருத்துவ அறிக்கை வாங்கக்கூட அவகாசம் தராத வேகம் அது.

தாமதத்தில் எனக்கு மிகவும் ஆத்திரமூட்டுவது இதுதான். வந்திறங்கியதும் ஒரு சிறு நேர்காணல் நடக்கும். விரிவானது ஒரு வருடமோ இரண்டு வருடமோ கழித்து. முதலில் ‘மார்ச்சில் பிடித்தார்கள்’ என்றவர், பிறகு ‘ஏப்ரலாக இருக்கலாம்’ என்பார். முரண்பாடு, நம்பகமில்லை, ரிஜெக்ட். காக்கவைத்தவர்களே அந்த மறதியை அவருக்கு எதிரான சாட்சியாக்குகிறார்கள். இவ்வளவு தாமதமாகக் கேட்டுவிட்டுத் தேதிப் பிசகைக் கணக்கில் எடுக்கவே கூடாது.

ஆறு மாதத்தில் முடிவு என்ற இலக்கை பிரிட்டன் 2019இலேயே கைவிட்டாயிற்று. 12 மாதம் கடந்தால் வேலைக்கு அனுமதி கேட்கலாம். அதுவும் அரசின் பட்டியலில் உள்ள தொழில்களுக்கு மட்டும். 2024இல், சமைத்துச் சாப்பிடும் வீட்டில் வைக்கப்பட்டவருக்கு வாரம் 49.18 பவுண்டு. துணி, சாப்பாடு, பஸ் எல்லாம் அதற்குள். ஆறு மாதத்தில் பதில் சொல்ல முடியாத அரசு, ஏழாவது மாதத்தில் எந்த வேலைக்கும் போகலாம் என்று விட்டுவிட வேண்டும். அரசுக்கும் செலவு மிச்சம்.

காத்திருக்கையில் சட்டமும் மாறிவிடுகிறது. அகதியாக ஏற்கப்பட்டவர் மனைவி, பிள்ளைகளை வரவழைக்கும் திட்டத்தில் புது விண்ணப்பங்கள் வாங்குவதை பிரிட்டன் 2025 செப்டம்பர் 4இல் நிறுத்தியது. ஒரே வாரத்தில் வந்திறங்கிய இருவரில், ஜூலையில் முடிவு வந்தவர் குடும்பத்துக்காக விண்ணப்பித்திருக்கலாம். அக்டோபரில் வந்தவருக்கு அந்த வழி மூடியிருந்தது.