நாய்க்கு வழி தெரியாது

நியூ ஜெர்சியின் மாரிஸ்டவுன் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் அக்கா இடது கையால் கைப்பிடியைப் பிடித்தாள். வலது கையை முன்னால் நீட்டி, "ஃபார்வர்ட்" என்றாள். கறுப்பு லாப்ரடார் கிளம்பிவிட்டது. நான் எட்டிப்போட்டு நடந்தேன். பேச்சுக் கொடுக்கலாம் என்று பக்கத்தில் போனால், "பின்னாலேயே வா தம்பி, குறுக்கே வந்தா அது குழம்பும்" என்று அதட்டல்.

அக்கா என் பெரியம்மா மகள். திருச்சியில் பொறியியல் முடித்து, மென்பொருள் வேலைக்காக இங்கே வந்தவள். ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற விழித்திரை நோய் அவளுக்கு. முதலில் இரவுப் பார்வை போனது, பிறகு பக்கவாட்டுப் பார்வை சுருங்கியது. இன்றைக்கு வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும். இருந்தும் மேடிசனில் ரயிலேறி நியூவார்க் அலுவலகத்துக்குத் தனியாகப் போய்வருகிறாள். அவளுக்கு வழிகாட்டி நாய் கொடுத்த 'சீயிங் ஐ' பள்ளி இருக்கும் ஊர் இது. அந்த ஊரை அவள் காலாலேயே சுற்றிக் காட்டுகிறேன் என்று அழைத்து வந்திருந்தாள்.

நாயின் பெயரை எழுதாதே என்பது அவள் போட்ட ஒரே நிபந்தனை. தெரிந்தவன் தெரியாதவனெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், நடுரோட்டில் அதன் கவனம் சிதறும். ரயிலில் ஒரு சிறுமி பெயர் கேட்டபோது அக்கா ஒரு பொய்ப்பெயரைச் சொன்னாள். சிறுமி அந்தப் பெயரைச் சொல்லிக் கொஞ்சக் கொஞ்ச, இருக்கைக்கு அடியில் படுத்திருந்த நாய் காதைக்கூட அசைக்கவில்லை.

ரயிலில் அப்படிக் காலடியில் படுத்து வருவதே ஒரு காலத்தில் சண்டை போட்டு வாங்கிய உரிமை. நாயைச் சாமான் பெட்டியில்தான் ஏற்றுவோம் என்று ரயில் கம்பெனிகள் சொன்ன காலம் உண்டு. 1935 வாக்கில்தான் அமெரிக்க ரயில் கம்பெனிகள் எல்லாமே வழிகாட்டி நாய் உரிமையாளரோடு இருக்கலாம் என்று விதியை மாற்றின.

சாலை முடியும் இடத்தில் நாய் நின்றது. முன்னங்கால் இரண்டும் நடைபாதையின் விளிம்பில். அக்கா ஒரு காலை நீட்டி விளிம்பைத் தடவிப் பார்த்து, பாராட்டினாள். பிறகு அசையாமல் நின்றாள். சிக்னல் மாறியது எனக்குத் தெரிந்தது. நாயும் அவளும் நின்றுகொண்டே இருந்தார்கள். எங்களுக்கு இணையான சாலையில் வண்டிகள் உறுமிக் கிளம்பும் சத்தம் கேட்ட பிறகுதான் "ஃபார்வர்ட்" வந்தது.

"சிக்னல் அதுக்குத் தெரியாதாக்கா?"

"சிக்னலைப் பார்த்து அது போகாது. எப்போ கடக்கணும்னு காதால கேட்டு நான் முடிவு பண்ணணும். எங்கே போகணும்ங்கிறதும் நான்தான். அதுக்கு வழி தெரியாது, தம்பி. எனக்குத்தான் தெரியும்."

மூன்றாவது திருப்பத்தில் இடது, அப்புறம் இரண்டு சாலை தாண்டினால் வலது என்று ஊரின் வரைபடம் அவள் தலைக்குள் இருக்கிறது. ஒரு விளிம்பிலிருந்து அடுத்த விளிம்பு வரை நேர்கோட்டில், எதிலும் முட்டாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது நாயின் பொறுப்பு. குப்பைத் தொட்டியை ஒட்டிப் போகும்போது தன் உடம்புக்கு மட்டுமல்ல, அவள் தோளுக்கும் சேர்த்து இடம் விட்டு விலகுகிறது. தாழ்ந்த கிளை வந்தால், தான் அடியில் நுழைந்துவிடலாம் என்றாலும் அவள் தலைக்காக நிற்க வேண்டும். சவுத் ஸ்ட்ரீட்டில் உணவகங்கள் நடைபாதையிலேயே மேசை போட்டிருந்தன. கீழே சிதறிக் கிடந்த உருளைக்கிழங்கு வறுவலை நோக்கி நாயின் மூக்கு லேசாக இறங்கியது. கைப்பிடி வழியே அது அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு சொல்லில் மூக்கு நிமிர்ந்தது.

அடுத்த சந்திப்பில் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அக்கா கட்டளை கொடுத்தாள், நாய் நகரவில்லை. சத்தமே இல்லாமல் ஒரு மின்சாரக் கார் வலதுபுறம் திரும்பி எங்கள் முன்னால் போனது. சிவப்பு விளக்கிலும் வலப்பக்கம் திரும்பலாம் என்பது இங்கே பொதுவான விதி. காதை நம்பி நடப்பவர்களுக்கு அதுதான் எமன். ஆபத்து என்றால் எஜமானியின் பேச்சை மீற வேண்டும் என்று நாய்க்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மற்ற எல்லாவற்றிலும் கீழ்ப்படியும் நாயை இந்த ஒன்றில் மட்டும் மீறப் பழக்குவதுதான் பயிற்சியில் கடினமான பகுதி. சத்தமில்லாத கார்கள் பெருகிய பிறகு, பயிற்றுநர்களே அப்படிப்பட்ட வண்டியை நாயின் குறுக்கே ஓட்டிவந்து பழக்குகிறார்கள்.

பள்ளியின் வளாகம் ஊருக்குச் சற்று வெளியே இருந்தாலும் வகுப்பறை என்னவோ இந்தத் தெருக்கள்தான். எதிரே ஓர் இளைஞர் ஜெர்மன் ஷெப்பர்டுடன் தோளை இறுக்கிக்கொண்டு வந்தார். சில அடி பின்னால் பயிற்றுநர், வாயைத் திறக்காமல். புதிய ஜோடி. எங்கள் நாய் அந்த நாயை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேரே நடந்தது.

இந்த நாய்கள் பள்ளியே வளர்க்கும் இனவழிகளில் பிறப்பவை. லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், இரண்டின் கலப்பு, ஜெர்மன் ஷெப்பர்ட். ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்கெல்லாம் ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர். ஏழெட்டு வாரக் குட்டியைத் தன்னார்வக் குடும்பங்கள் வாங்கி, ஒரு வருடத்துக்கு மேல் வளர்த்து, கடை, பள்ளிக்கூடம், கூட்டம், இடி மின்னல் எல்லாவற்றுக்கும் பழக்கித் திருப்பிக் கொடுக்கின்றன. அதற்குப் பிறகு பயிற்றுநரிடம் சுமார் 4 மாதம். பயிற்சி முடியும் தறுவாயில், வளர்த்த குடும்பத்தை இதே ஊருக்கு அழைத்து, தங்கள் குட்டி சேணம் பூட்டி வேலை செய்வதைத் தள்ளி நின்று பார்க்க வைப்பார்களாம். நாய்க்குத் தெரியாமல் பின்னாலேயே நடக்க வேண்டும். வளர்த்த பிள்ளைகள் அழுதுகொண்டே நடப்பார்கள் என்றாள் அக்கா.

கிரீன் என்கிற மரத்தடிப் பூங்காவுக்கு வந்தோம். அதன் ஓரத்தில் ஓர் இளைஞனும் நாயும் நடப்பது போல ஆளுயரச் சிலை. அக்கா சிலையின் கையைத் தடவிக் காட்டினாள். மாரிஸ் ஃபிராங்க். டென்னசியின் நாஷ்வில்லைச் சேர்ந்தவர். சின்ன வயதில் குதிரைச் சவாரியில் ஒரு கண், பதினாறு வயதில் குத்துச்சண்டையில் மறு கண். முதல் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களுக்கு ஜெர்மனியில் நாய் பழக்குவதைப் பற்றி, டாரதி ஹாரிசன் யூஸ்டிஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி 1927 நவம்பரில் ஒரு பத்திரிகையில் கட்டுரை எழுதினார். அதை அப்பா படித்துக் காட்ட, ஃபிராங்க் யூஸ்டிஸுக்குக் கடிதம் போட்டார். 1928இல் யூஸ்டிஸ் இருந்த சுவிட்சர்லாந்துக்குக் கப்பலேறினார். போகும்போது அவரைப் பொட்டலம் போலக் கணக்கெழுதி அனுப்பி, அறைக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். திரும்பும்போது கூடவே பட்டி என்ற பெண் ஷெப்பர்ட். நியூயார்க் நிருபர்களின் கண்முன்னே, வண்டிகள் பறக்கும் வெஸ்ட் ஸ்ட்ரீட்டை அதனுடன் கடந்து காட்டினார். யூஸ்டிஸுக்கு அவர் அடித்த தந்தியில் ஒரே ஒரு சொல்: வெற்றி. 1929 ஜனவரி 29இல் நாஷ்வில்லில் பள்ளி தொடங்கியது. சில ஆண்டுகளில் வெயில் தாங்காமல் நியூ ஜெர்சிக்கு வந்தது.

பெஞ்சில் உட்கார்ந்து சேணத்தைக் கழற்றினாள். அந்த நொடியே நாய் வேறு பிறவி. வாலைச் சுழற்றிக்கொண்டு என் பையை மோந்தது, அணிலைப் பார்த்து முனகியது.

"எனக்கு நாய் கொடுக்கிறதுக்கு முன்னால என்ன பண்ணாங்க தெரியுமா? எழுந்திரு."

தோல் பட்டையை அவள் தன் கையில் பிடித்துக்கொண்டு, கெட்டியான கைப்பிடியை என் இடது கையில் கொடுத்தாள். கண்ணை மூடச் சொன்னாள். இழுத்தாள். இரண்டடி நடந்ததும் கைப்பிடி இடதுபக்கம் சரிந்தது; நானும் சரிந்தேன். வேகம் குறைந்தது, நின்றது. கயிறு பிடித்த வண்டிக்காரனுக்கு மாட்டின் மனசு கையில் தெரிவது போல, எல்லாமே கைப்பிடியில் வந்து சேர்ந்தது. பயிற்றுநர் விண்ணப்பதாரரின் வீட்டுக்கே வந்து, இப்படித் தானே நாயாக முன்னால் இழுத்துக்கொண்டு நடந்து பார்ப்பார். உங்கள் வேகம் என்ன, எவ்வளவு இழுப்பைத் தாங்குவீர்கள், போகிற பாதை எப்படிப்பட்டது, வீட்டில் யார் யார் என்று குறித்துக்கொள்வார். அதற்கேற்ற நாயைத் தேடித்தான் ஜோடி சேர்ப்பார்கள். கேட்ட நிறத்தில் கிடைக்காது.

அதற்கும் முன்னால் ஒரு படி இருக்கிறது. 16 வயதாவது ஆகியிருக்க வேண்டும், தினம் ஓரிரு மைல் நடக்கத் தெம்பு வேண்டும், முக்கியமாக, ஏற்கெனவே தனியாக நடக்கத் தெரிந்திருக்க வேண்டும். அக்கா மாநிலப் பார்வையற்றோர் ஆணையத்தின் ஆசிரியரிடம் வெள்ளைக் கோல் பிடித்துச் சாலை கடக்கக் கற்ற பிறகுதான் விண்ணப்பமே போட்டாள். வளாகத்தில் பல வாரம் தங்கிப் பயிற்சி. நாய் கைக்கு வந்ததிலிருந்து சாப்பாட்டு மேசையிலும் படுக்கையிலும் அது கூடவே.

செலவு? முதல் நாய்க்கு 150 டாலர், அடுத்தடுத்த நாய்களுக்கு 50, ராணுவத்தில் இருந்தவர்களுக்கு 1. தங்கல், சாப்பாடு, பயணச் செலவு எல்லாம் அதில் அடக்கம். 1934இல் வைத்த கட்டணம், இன்றும் மாறவில்லை. உண்மைச் செலவு இதைப் போலப் பல மடங்கு, நன்கொடைகள் ஈடுகட்டுகின்றன. சும்மாவே கொடுத்துவிடலாமே என்று கேட்டேன். "சும்மா வாங்கினா அது தர்மம். காசு கொடுத்தேன், என் நாய்" என்றாள். இது அவளுக்கு இரண்டாவது நாய். ஏழெட்டு வருட உழைப்புக்குப் பிறகு முதல் நாய் ஓய்வு பெற்றது. ஓய்வு பெற்றதை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம், தெரிந்தவர்களுக்குக் கொடுக்கலாம், பள்ளியிடம் திருப்பி ஒப்படைக்கலாம்.

நாய் புல்லில் சுற்றத் தொடங்கியது. அக்கா வாரைத் தளர்த்தி, அதன் முதுகில் கை வைத்தாள். முதுகு வளைந்தால் ஒன்று, சரிந்து நின்றால் மற்றொன்று. வளைந்திருந்தது. பையைக் கையுறை போல மாட்டிக்கொண்டு, சரியான இடத்தில் குனிந்து எடுத்து முடிச்சுப் போட்டாள். பெரியம்மா முதல் தடவை வந்திருந்தபோது இதைப் பார்த்துவிட்டு ஒருநாள் முழுக்கச் சாப்பிடவில்லை. "வீட்டுக்குள்ள நாயா, பூஜை ரூம் இருக்கேடி" என்பதில் தொடங்கிய வழக்கு, பூஜை அறை வாசலில் ஒரு கம்பி அடைப்போடு சமாதானமானது. கோயிலுக்குப் போனால் இன்றும் நாய் வீட்டில்தான். வழிபாட்டு இடங்களுக்கு 1990ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் விலக்கு உண்டு. அன்றைக்கு மட்டும் மடக்குக் கோல் வெளியே வரும்.

மற்ற இடங்களில் அந்தச் சட்டம் அவள் பக்கம். கடைக்காரர் இரண்டு கேள்விதான் கேட்கலாம்: மாற்றுத்திறன் காரணமாகத் தேவைப்படும் சேவை நாயா? என்ன வேலைக்குப் பழக்கியிருக்கிறது? அடையாள அட்டை கேட்கக் கூடாது, செய்து காட்டச் சொல்லக் கூடாது. சட்டத்தின் இந்த நல்ல மனசுக்கு ஒரு கெட்ட விளைவும் உண்டு. இணையத்தில் 'சேவை நாய்' என்று அச்சடித்த சட்டை வாங்கி வளர்ப்பு நாய்க்கு மாட்டிவிடுகிறார்கள். அது அக்காவின் நாயைப் பார்த்துக் குரைத்துப் பாயும். அடுத்த முறை கடைக்காரர் அக்காவைச் சந்தேகமாகப் பார்ப்பார். விமானங்களில் இந்தக் கூத்து முற்றி, ஆறுதலுக்கு வைத்துக்கொள்ளும் விலங்குகளைச் சேவை நாயாக ஏற்க வேண்டியதில்லை என்று 2021இல் விதியே வந்தது. சட்டம் இருந்தும், நாயைப் பார்த்ததும் நிற்காமல் ஓட்டிப்போகிற வாடகைக் கார் அவளுக்கு இன்றும் வாய்க்கிறது. அன்று மதியமும் ஒன்று வாய்த்தது. அக்கா திட்டவில்லை. போனை எடுத்து, நேரம் குறித்து, புகார் எழுதி அனுப்பிவிட்டு அடுத்த காரைக் கூப்பிட்டாள்.

திருச்சியிலிருந்து ஒரு உறவினர், பார்வை மங்கிவரும் தன் மகனுக்கு இப்படி ஒரு நாய் வாங்கித் தர முடியுமா என்று என்னிடம் கேட்டு அனுப்பியிருந்தார். காரில் அதைச் சொன்னேன்.

"நாய் கடைசியில வர்றது தம்பி. முதல்ல அவன் கோல் பிடிச்சுத் தனியா நடக்கக் கத்துக்கட்டும். இது விளிம்புக்கு விளிம்பு வேலை செய்யற நாய்; விளிம்பு உள்ள நடைபாதை வேணும். கடையில ஏத்தலைன்னா புகார் கொடுக்க ஒரு சட்டம் வேணும். இதெல்லாம் இல்லாம நாயை மட்டும் கொடுத்தா, அதுவும் அவனோட சேர்ந்து வீட்டுல உட்கார்ந்திருக்கும்."

கோல் பயிற்சிக்கு ஊரில் யார் இருக்கிறார்கள் என்று முதலில் விசாரிக்கச் சொல்லி, அன்றிரவே அந்த உறவினருக்கு எழுதினேன்.